ஏழைக் குழந்தைக்கு மனம் இல்லையா?

ஆடி 18 வந்தால் சங்ககிரியில் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். 1805-ல் வெள்ளைக்காரன் இந்தக் கோட்டையில் தூக்கிலிட்ட தீரன் சின்னமலைக்கு மாலை போட எல்லாக் கட்சித் தலைவர்களும் வருவார்கள். மாலை போடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். அந்த மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லைன் வீடு. அங்கே ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று, தோல் உரிந்து ரத்தம் கசிகிற வரையில் தன் கைகளைக் கழுவிக் கழுவி நின்றது. அது அந்தத் தலைவர்களுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதே ஊரில் கட்சி வேலை செய்கிற எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

குழந்தையின் தகப்பனார் விசைத்தறித் தொழிலாளி. நமது சங்க உறுப்பினர். தாயார் தார் சுற்றுகிறவர். தறி ஓடாத நாட்களில் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறவர். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டன. மருந்துக் கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. இருவரும் வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் ஷிப்ட் போனால் ஒரு நாள் அடுப்பு எரியாது என்கிற குடும்பத்தில் வேறென்ன செய்வார்கள்?

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் குழந்தை வேறு குழந்தையாக எழுந்தது. சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளியது. தறியில் நாடா அடிக்கிற சத்தத்தை எண்ண ஆரம்பித்தது. எண்ணிக்கை தவறினால் அம்மா செத்துப் போவாள் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணியது. படுக்கையை நனைத்தது. முத்து முத்தாக எழுதிய கை கோணல்மாணலாகக் கிறுக்கியது. “அம்மா, நீ செத்துப் போயிர மாட்டீல்ல?” என்று ஒரே ராத்திரியில் நாற்பது தடவை கேட்டது.

தகப்பனார் சங்க ஆபீசுக்கு வந்தார். “தோழர், மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சுங்க. கோயிலுக்கும் போயிட்டு வந்தாச்சுங்க. பள்ளிக்கூடத்துல, சரியானப்புறம் கூட்டியாங்கன்னுட்டாங்க. எம் புள்ளைக்கு என்னுங்க ஆச்சு?” என்று கேட்டார். நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “கூலிப் பேச்சுவார்த்தை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதல் குற்றவாளி நானே. ஆனால் நான் மட்டும் அல்ல.

பேயும் அல்ல, வளர்ப்பும் அல்ல

அந்தக் குழந்தைக்கு வந்தது என்ன? சிலர் பேய் என்றார்கள். சிலர், “பொம்பளைப் புள்ளைக்குச் செல்லம் கொடுத்தா இப்படித்தான்” என்றார்கள். இன்னும் சிலர், “வேலைக்குப் போற தாய்க்குப் புள்ளையை வளர்க்கத் தெரியுமா?” என்று கூசாமல் கேட்டார்கள். மூன்றும் பொய்.

மனதில் ஒரு பயம் புகுந்து விடாமல் சுற்றுவதும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஒரு நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சாதாரணமாக இது மெல்ல மெல்ல வளரும். சில குழந்தைகளுக்கு மட்டும் ஓரிரு நாளில் வெடித்துக் கிளம்புகிறது. 1998-ல் அமெரிக்க தேசிய மனநல நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஸ்வீடோவும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமி தாக்கிய பிறகு இந்த நோய் திடீரென்று வந்ததாக அவர்கள் கண்டார்கள். அதற்கு ‘பாண்டாஸ்’ என்று பெயரிட்டார்கள்.

தொண்டைக் கிருமிக்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம்? போலீஸ் தடியடி நமக்குப் புதிதல்ல. அதை வைத்தே சொல்கிறேன். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ், முகஜாடை ஒன்றாக இருக்கிறதென்று வீட்டுக்காரனைப் போட்டு அடித்தால் எப்படி? கிருமியை எதிர்க்க உடம்பு உற்பத்தி செய்கிற எதிர்ப்புச் சக்தி, கிருமியைப் போலவே தோற்றம் காட்டும் சொந்த உறுப்பையே தாக்குகிறது. இருதயத்தைத் தாக்கினால் அது கீல்வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோய். மூளையைத் தாக்கினால் கை கால்கள் தாமாகவே துள்ளும் நோய்; 1686-லேயே இங்கிலாந்தில் சைடன்ஹாம் என்ற வைத்தியர் அதை எழுதி வைத்தார். அதே வழியில்தான் பயமும் எண்ணச் சுழற்சியும் வருகின்றன என்பது ஸ்வீடோ குழுவினரின் கருத்து.

இதில் டாக்டர்களுக்குள் வாதம் இருக்கிறது. தொண்டைக் கிருமியும் மனநோயும் ஒரே சமயத்தில் தற்செயலாக வந்திருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். வேறு காரணங்களாலும் இப்படித் திடீரென்று வரலாம் என்பதை ஒப்புக்கொண்டு 2012-ல் ‘பான்ஸ்’ என்ற விரிந்த பெயரை ஸ்வீடோவும் அவரோடு சேர்ந்தவர்களும் வைத்தார்கள். விஞ்ஞானத்தில் வாதம் நடக்கட்டும்; அது நல்லது. ஆனால் இரண்டு விஷயங்களில் வாதம் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குச் சரியான மருந்தைச் சரியான நாள் வரையில் கொடுக்க வேண்டும். எண்ணச் சுழற்சி நோய் எந்தக் காரணத்தால் வந்தாலும் அதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கிறது.

கிருமி யார் வீட்டைத் தேடி வருகிறது?

கிருமிக்கு ஜாதி இல்லை, வர்க்கம் இல்லை என்பார்கள். வர்க்கம் இருக்கிறது, தோழர்களே! இந்தக் கிருமி இருமலிலும் தும்மலிலும் பரவுவது. ஆறு பேர் ஒரே அறையில் படுத்துறங்கும் லைன் வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்தால் மற்றக் குழந்தைகளுக்கு வர எத்தனை நாள் ஆகும்? கீல்வாதக் காய்ச்சல் ஐரோப்பாவில் பென்சிலின் வருவதற்கு முன்னாலேயே குறையத் தொடங்கியது. காரணம் என்ன? வீடும் சோறும் காற்றும் மேம்பட்டன. அந்த நாட்டு உழைப்பாளிகள் போராடி வாங்கிய மேம்பாடு அது. நம் குழந்தைகளுக்கு அந்த வீடும் வரவில்லை. முழு நாள் மருந்தும் வரவில்லை.

பென்சிலினைப் பொதுத் துறையில் உற்பத்தி செய்யவேண்டும் என்றுதான் 1954-ல் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. அதைப் பாதுகாத்து வளர்த்தார்களா? இல்லை. நோஞ்சானாக்கிவிட்டு, 2016-ல் அதன் நிலத்தை விற்கவும் நிறுவனத்தைக் கைகழுவவும் மத்திய மந்திரி சபை தீர்மானம் போட்டது. ஏழையின் மருந்தில் லாபம் குறைவு; ஆகவே அது தேவையில்லை. இதுதான் அவர்கள் கணக்கு.

சிகிச்சை இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது

இந்த நோய்க்கான சிகிச்சை அப்படியொன்றும் மந்திரமல்ல. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற மனவியல் நிபுணர் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தது. பயப்படும் பொருளைக் குழந்தை சிறிது சிறிதாக நெருங்க வேண்டும். நெருங்கிய பிறகு, பயத்தைத் தணிக்கும் அந்தச் செயலைச் செய்யாமல் இருந்து பழக வேண்டும். தார்க்குச்சியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கை கழுவாமல் இருப்பது; அடுத்த வாரம் பத்து நிமிஷம்; பிறகு அரை மணி. பயம் ஏறும், ஏறி நிற்கும், தானாகவே இறங்கும். இறங்குகிறது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். அடித்தும் மிரட்டியும் செய்கிற காரியமல்ல இது. குழந்தையின் சம்மதத்தோடு, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து நடத்த வேண்டியது. 2004-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சியும் மருந்தும் சேர்ந்தபோது பலன் மிக அதிகமாக இருந்தது.

மருந்து மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. பயிற்சி கிடைக்கிறதா? அந்தத் தகப்பனாரோடு பிறகு நானும் அலைந்தேன். ஒரு டாக்டர், குழந்தைக்குச் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர் தலையைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்றார். ஓர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டு, நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். “பயிற்சி கொடுக்க ஆள் பற்றாக்குறை, வெளியே பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று அவரே வருத்தத்தோடு கேட்டார். அவர் மீது குற்றமில்லை. வெளியில் வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவன் நான்.

வெளியே பார்த்தோம். பெரிய ஊர் ஒன்றில் தனியார் கிளினிக். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய்; வாரம் ஒரு தடவை; குறைந்தது 16 தடவை. கணக்குப் போடுங்கள்: 19,200 ரூபாய். பஸ் செலவு தனி. போகிற நாளெல்லாம் ஷிப்ட் போச்சு. “முதலாளிகிட்ட முன்பணம் கேட்டுப் பாக்கறேனுங்க” என்றார் தகப்பனார். முன்பணம் என்றால் என்ன என்பதைத் தறித் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் தீரும் வரையில் அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. கூலி உயர்வு கேட்க வாய் எழாது. குழந்தையின் பயத்தைத் தீர்க்கத் தகப்பன் தன்னை அடகு வைக்க வேண்டும். இதற்குப் பெயர் வைத்தியமா, வியாபாரமா?

இதிலே தப்பி ஓடுகிறவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையானார்கள். தப்பி ஓடக் காலில் சுதந்திரம் இல்லை. அவர்களை அங்கே கொண்டு விட்ட குடும்பங்களை மூட நம்பிக்கைக்காரர்கள் என்று படித்தவர்கள் பழித்தார்கள். பக்கத்தில் ஒரு டாக்டரும் ஒரு படுக்கையும் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் சங்கிலியைத் தேடிப் போயிருக்குமா? கையில் வைத்தியம் இல்லாதவன்தான் கயிற்றைப் பிடிக்கிறான்.

ஏட்டிலே உரிமை, வீட்டிலே வேதனை

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ல் வந்தது. 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. அதன் 18-வது பிரிவு மனநல சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குழந்தைகளுக்கான மனநல சேவையையும் சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம் என்கிறது. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவைச் சர்க்காரே ஏற்கவேண்டும் என்றுகூடச் சொல்கிறது. அந்த 19,200 ரூபாயைத் தறித் தொழிலாளி முன்பணம் வாங்கிக் கட்டுவதா, சர்க்கார் கட்டுவதா? இந்தப் பிரிவைக் காட்டி மனுப் போட வேண்டும் என்று எந்த ஆபீசிலாவது நமக்குச் சொன்னார்களா?

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வந்து குழந்தைகளைச் சோதிக்கிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். அந்தக் குழு பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் கீல்வாத இருதய நோய் இருக்கிறது. அதே கிருமியின் பெயரால் பேசப்படும் எண்ணச் சுழற்சி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. இருதயம் கெட்டால் கணக்கில் வரும்; மனம் கெட்டால் வராதா?

பணம் இல்லை என்பார்கள். 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசாங்கங்கள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று வாக்களித்தது. 2021-22-ம் ஆண்டின் சர்க்கார் கணக்கே 1.84 சதவீதம் என்று காட்டியது. அதே ஆண்டில் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் 100-க்கு 39 ரூபாய்க்கு மேல் ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். விளைவு என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய ஆய்வு, பல மனநோய்களுக்கு 100-க்கு 70 பேர் முதல் 90 பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது.

முடியாத காரியமா இது? கோவாவில், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பெரியவர்களுக்கு ஆலோசகர்களாக வைத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது என்று 2010-ல் ஆய்வு வெளிவந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில், குடும்ப சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வைக் கண்டுபிடித்துக் கவனிக்கும் ‘ஆஸ்வாசம்’ கிளினிக்குகள் வந்தன. முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவில்கூட, இல்லினாய் மாநிலத்தில், இந்த பாண்டாஸ் நோயின் சிகிச்சைச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்கவேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. கம்பெனிகள் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. பெற்றோர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் வந்தது.

நமக்குள்ளே ஒரு வார்த்தை

இப்போது நம் பக்கம் திரும்புவோம். “இதெல்லாம் பணக்காரர் வீட்டு வியாதி, பாட்டாளிக்குப் பசிதான் வியாதி” என்று பேசுகிற தோழர்கள் உண்டு. “கூலிதான் வர்க்கப் பிரச்னை, குழந்தை கை கழுவுவது குடும்பப் பிரச்னை” என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. ஏழைக்குப் பசி மட்டும்தான் உண்டு, மனம் கிடையாது என்பது முதலாளியின் சித்தாந்தம். அதை நாம் சிவப்புச் சாயத்தில் தோய்த்துப் பேசக்கூடாது. எட்டு மணி நேர வேலைக்குப் போராடியது எதற்கு? மீதி நேரத்தில் மனிதனாக வாழ்வதற்கு. அந்த மனித வாழ்வில் குழந்தையின் நிம்மதி சேராதா?

அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரை தொடர்கிறது. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலையில் இருந்த இளம் மனவியல் நிபுணர் ஒருவர், தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாலு தடவை பயிற்சி கொடுத்தார். “அவ கேக்கறப்பெல்லாம் சாக மாட்டேன், சாக மாட்டேன்னு சொல்லிச் சொல்லி நானே அந்தப் பயத்துக்குத் தீனி போட்டிருக்கறனுங்க” என்று தாயார் என்னிடம் சொன்னார். கை ஆறி வந்தது. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. ஐந்தாம் தடவை போனபோது அந்த நிபுணர் இல்லை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தது, நோய் முடியவில்லை. மறுபடி காய்ச்சல் வந்தால் என்னாகுமோ என்று பெற்றோர் பயந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் கதி ஒரு ஒப்பந்தத் தாளில் தொங்குகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, குமாரபாளையம் அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கான மனநலச் சிகிச்சை வாரந்தோறும் நடக்க வேண்டும். ஷிப்ட் தொழிலாளிகள் வரக்கூடிய நாளிலும் நேரத்திலும் நடக்க வேண்டும்.

2. மனவியல் நிபுணர்களை ஒப்பந்தத்தில் அல்ல, நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும்.

3. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொண்டைக் கிருமிச் சோதனையும் அதற்குரிய மருந்தும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

4. பள்ளி மருத்துவக் குழுவின் பட்டியலில் எண்ணச் சுழற்சி நோயையும் குழந்தைகளின் மிதமிஞ்சிய பயத்தையும் சேர்க்க வேண்டும். வாத்தியார்களுக்கு அதை அடையாளம் காணச் சொல்லித் தர வேண்டும்.

5. 18-வது பிரிவின்படி வெளியே ஆகும் செலவைச் சர்க்கார் தரவேண்டும். அந்த உரிமையை ஆஸ்பத்திரி வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

6. பெயரைப் பிரித்துத் தொழிலாளர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் பட்டறை முதலாளிகளை மடக்கி, தறித் தொழிலாளி ஒவ்வொருவரையும் இ.எஸ்.ஐ. திட்டத்தில் கொண்டுவர வேண்டும்.

இவை கிடைக்கும் வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மருந்துக் கடையோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த மருந்தைக் காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். குழந்தை ஓரிரு நாளில் அடியோடு மாறிவிட்டால் அடிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். மாறிய தேதியையும் அதற்கு முன் வந்த காய்ச்சலையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு குழந்தை டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் காட்டுங்கள். எல்லாக் குழந்தைக்கும் கிருமிதான் காரணம் என்று நீங்களாகவே முடிவு செய்து மருந்து வாங்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் அது நடந்துவருகிறது. வழி கேட்க அது உதவும். வாரா வாரம் பயிற்சி கொடுக்க அது போதாது.

சங்கக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கிளைக் கூட்டத்தில் கூலியும் போனசும் பேசி முடித்த பிறகு, “யார் வீட்டிலாவது குழந்தை சுகமில்லாமல் இருக்கிறதா?” என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். சொன்னால் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மனு எழுதுங்கள், பதில் வராவிட்டால் வாசலில் உட்காருங்கள். அந்தத் தகப்பனாரும் தாயாரும் இந்த மாத மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஆடி 18-க்கு மாலையோடு வருகிற தலைவர்களின் கையில் அந்த மனுவைக் கொடுப்போம். சின்னமலைக்கு மாலை போடும் கை, இந்த மனுவிலும் கையெழுத்துப் போடட்டும். போடாவிட்டால் போட வைப்போம்!